குணசேகரனும் மாரிமுத்துவும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வீட்டில் டிவி எந்த மூலையில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே மூலையில்தான் பக்கத்து வீட்டிலும் இருக்கும். சேனலும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் 2022, 2023 ஆண்டுகளில் இரவு ஒன்பதரை மணிக்கு எந்த வட்டத்துத் தெருவில் நடந்து போனாலும் ஒரு குரல் கூடவே வரும். ஒரு வீட்டு ஜன்னலில் தொடங்கிய வசனம் நாலாவது வீட்டு ஜன்னலில் போய் முடியும்.

"ஏய்... இந்தாம்மா!"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜி.மாரிமுத்து. சன் டிவியின் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரன். மதுரைப் பக்கத்துப் பெரிய வீடு, நாலு தம்பதிகள், ஒரு அம்மா, ஒரு அப்பத்தா, எக்கச்சக்கமான சொத்து. வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்கள் படித்தவர்கள், திறமைசாலிகள், ஆனால் அடுப்படியைத் தாண்டக்கூடாது. ஏன் தாண்டக்கூடாது என்றால் குணசேகரன் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இவ்வளவு மோசமான ஒரு ஆளை இவ்வளவு ஆசையாக ஒரு மாநிலமே உட்கார்ந்து பார்த்தது எப்படி என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அதைவிட யோசிக்க வேண்டியது, அந்த ஆளாக நடித்தவர் அந்த இடத்துக்கு வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

நெய்வேலிக்கு சினிமாக்காரர்கள் புதிது கிடையாது. 2002 அக்டோபர் 12 அன்று காவிரிப் பிரச்சினைக்காக பாரதிராஜா தலைமையில் தமிழ் சினிமா உலகமே திரண்டு இங்கே வந்தது. கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக்கூடாது என்பது கோரிக்கை. ரஜினி அதற்கு வராமல் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தது தனிக்கதை. அப்புறம் 2020 பிப்ரவரியில் விஜய். சுரங்கத்தில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது வருமான வரித்துறையினர் வந்து அவரை அழைத்துப் போனது, திரும்பி வந்தவர் வேன் மேல் ஏறி நின்று கூட்டத்தோடு செல்ஃபி எடுத்தது, எல்லாம் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் பின்னால் தெரியும் தலைகளில் பாதிப்பேர் இன்றைக்கும் தங்கள் தலை எது என்று காட்டுவார்கள் :-)

நட்சத்திரங்கள் அப்படித்தான் வருவார்கள். வேன் மேல், போலீஸ் பாதுகாப்போடு, வருடத்துக்கு ஒரு தடவையோ பத்து வருடத்துக்கு ஒரு தடவையோ. மாரிமுத்து வந்த விதம் வேறு. வாரத்துக்கு ஆறு நாள், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் வந்தார். ஏறத்தாழ 19 மாதம்.

தேனி மாவட்டம் பசுமலைத்தேனி அவர் ஊர். சினிமா டைரக்டர் ஆகவேண்டும் என்று 1990இல் வீட்டை விட்டுக் கிளம்பி சென்னைக்கு வந்தார். சென்னைக்கு வந்த எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார், ஓட்டலில் சர்வர் வேலை. இலக்கிய வாசிப்பு இருந்ததால் கவிஞர் வைரமுத்துவிடம் போய்ச் சேர்ந்தார், உதவியாளராக இருந்தார். அங்கிருந்து ராஜ்கிரண். 'அரண்மனைக்கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) படங்களில் உதவி இயக்குநர். அதற்குப் பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று ஒரு நீண்ட வரிசை. இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது பிரமாதமாக இருக்கிறது. ஆனால் உதவி இயக்குநர் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஒரு படம் முடிந்ததும் அடுத்த படம் வரைக்கும் வருமானம் கிடையாது. உடன் சேர்ந்தவன் ஒருத்தன் திடீரென்று டைரக்டர் ஆகிவிடுவான், மற்றவன் இன்னும் கிளாப் போர்டு பிடித்துக்கொண்டிருப்பான். மாரிமுத்து முதல் படம் எடுத்தது 2008இல். கிளம்பி வந்து 18 வருடம்!

படம் 'கண்ணும் கண்ணும்'. பிரசன்னாவும் உதயதாராவும் நடித்தது. அமைதியான படம், விமர்சனங்கள் நன்றாகவே வந்தன, ஆனால் பெரிதாக ஓடவில்லை. படத்தின் பெயர் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் அதில் வரும் ஒரு காமெடியைத் தெரியாத தமிழன் கிடையாது. வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் கிணறு காணாமல் போய்விட்டது என்று புகார் கொடுப்பாரே, அது இந்தப் படம்தான். காகிதத்தில் வெட்டிய கிணற்றை ஊரெல்லாம் தேடும் காட்சி. அரசாங்க ஊழலைப் பற்றி தமிழில் வந்த நல்ல கிண்டல்களில் அதற்கு ஓர் இடம் உண்டு. (நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இந்தக் காமெடி வேறு மாதிரி கேட்கும். நிலக்கரிக்குக் கீழே இருக்கும் ஊற்று நீரின் அழுத்தத்தைக் குறைக்க சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீரை இறைக்க வேண்டும். அப்படி இறைத்து இறைத்து நிலத்தடி நீர் கீழே போய்விட்டது என்று சொல்பவர்களிடம் போய் கிணற்றைக் காணோம் ஜோக் சொன்னால் சிரிப்பார்களா தெரியாது.)

கிணறு வடிவேலு பெயரில் போய்விட்டது. டைரக்டர் பெயரை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது படம் வர மேலும் ஆறு வருடம். 2014இல் 'புலிவால்'. மலையாளத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த 'சாப்பா குரிசு' படத்தின் தமிழ் வடிவம். பணக்காரன் தொலைத்த செல்போன் ஏழை கையில் கிடைப்பதுதான் கதை. மலையாளத்தில் இருந்த கூர்மை தமிழில் வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். டைரக்டர் மாரிமுத்துவின் கணக்கு அத்தோடு முடிந்தது. 1990இல் எதற்காக வீட்டை விட்டு வந்தாரோ, அதில் இரண்டே படம்.

இதற்கு நடுவில்தான் நடிப்பு வந்தது. அதுவும் பக்கவாட்டில் வந்து நுழைந்தது. 2011இல் மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் அவரை ஒரு ஊழல் போலீஸ்காரராகப் போட்டார். மிஷ்கினுக்கு முகங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கண் உண்டு, சும்மா சொல்லக்கூடாது. பரந்த முகம், தடித்த மீசை, அலட்சியமாகப் பார்க்கும் கண், அடித்தொண்டையில் தேனிப்பேச்சு. அதற்குப் பிறகு கோடம்பாக்கம் அந்த முகத்தை ஒரு யூனிஃபார்ம் மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் வேண்டுமா, கூப்பிடு மாரிமுத்துவை. பெண்ணின் அப்பா வேண்டுமா, கூப்பிடு. 'ஆரோகணம்', 'நிமிர்ந்து நில்', 'கொடிவீரன்', 'கடைக்குட்டி சிங்கம்' என்று படங்கள் ஏறிக்கொண்டே போயின. தியேட்டரில் பார்ப்பவர்களுக்கு "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று இருக்கும். பெயர் தெரியாது. தமிழ் சினிமா இப்படி நூறு முகங்களை வைத்துக்கொண்டு ஓடுகிறது. அவர்கள் இல்லாமல் எந்தப் படமும் கிடையாது, அவர்களுக்காக எந்தப் படமும் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, 'பரியேறும் பெருமாள்'. 2018 செப்டம்பரில் வந்தது. மாரி செல்வராஜ் இயக்கம், பா.ரஞ்சித் தயாரிப்பு. அதில் மாரிமுத்து கதாநாயகி ஜோவின் அப்பா. இந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் குணசேகரனைப் புரிந்துகொள்ள இவர் தேவை.

மூத்த மகள் கல்யாணம். கூடப்படிக்கும் பரியனை ஜோ கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறாள். அப்பா அவனை மரியாதையாக ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பேசுகிறார். கதவைத் தள்ளிக்கொண்டு சொந்தக்காரப் பையன்கள் வருகிறார்கள். அடிக்கிறார்கள், அதைவிடக் கேவலமானதையும் செய்கிறார்கள். அவர்களை விரட்டிவிட்டு அந்த அப்பா பரியனிடம் கெஞ்சுகிறார். உன்னை மட்டும் இல்லை, என் மகளையும் கொன்றுவிடுவார்கள், போய்விடு என்கிறார். அந்த இடத்தில் அவர் குரலைக் கவனியுங்கள். சாதிக்காரர்களுக்குப் பயப்படும் ஒரு சாதிக்காரனின் குரல். மகள் மேல் உள்ள பாசமும், அந்தப் பாசத்தால் எதையும் மாற்ற முடியாத கோழைத்தனமும் ஒரே தொண்டையில். வில்லன் என்று திட்டவும் முடியவில்லை, பாவம் என்று விடவும் முடியவில்லை. அடி வாங்கியவன் எதிரில் கிடக்கும்போது அடிக்கவிட்டவர் அழுதால் பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

கடைசிக் காட்சியில் கல்லூரிக்கு வந்து பரியனோடு டீ குடிக்கிறார். எதிர்காலத்தில் ஏதாவது மாறலாம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். சொல்பவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது அவர் பார்வையில் தெரியும். படம் இரண்டு டீ கிளாஸ்களில் முடியும். எல்லோரும் அந்த கிளாஸ்களைப் பற்றி எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் மாரிமுத்து செய்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

பரியேறும் பெருமாள் பெரிய வெற்றி. அதற்கப்புறமும் அவருக்கு வந்தவை அதே மாதிரி சிறு சிறு வேடங்கள்தான்.

2022 பிப்ரவரியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. இயக்கம் திருச்செல்வம். 2003லிருந்து 2009 வரை தேவயானியை வைத்து 'கோலங்கள்' எடுத்தாரே, அவர்தான். சினிமாவில் இருந்தவர்கள் சீரியலுக்குப் போனால் "மார்க்கெட் போச்சு" என்று சொல்வது கோடம்பாக்கத்து வழக்கம். மாரிமுத்துவுக்குப் போவதற்கு மார்க்கெட் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒருவேளை அதுதான் வசதியாகப் போயிற்றோ என்னவோ.

சினிமா அவருக்கு ஒரு படத்தில் ஐந்து நிமிடம் கொடுத்தது. சீரியல் தினமும் கொடுத்தது. ஐந்து நிமிடத்தில் ஒருவன் கெட்டவன் என்று காட்டலாம். அவன் எப்படித் துண்டை உதறுகிறான், அம்மாவிடம் எந்தக் குரல், தம்பியிடம் எந்தக் குரல், வெளி ஆட்களிடம் எந்தக் குரல், தப்பு தன் மேல் இருக்கும்போது பேச்சை எப்படித் திருப்புகிறான், தோற்றுப்போன அன்றைக்கு எப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்கிறான்... இதற்கெல்லாம் மாதக்கணக்கு வேண்டும். சீரியலின் இழுவையைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. அந்த இழுவைதான் இந்த ஆளை உருவாக்கியது. வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா, ஒரு பெண். ஆண்கள் வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்பதை, கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்குத்தானே துல்லியமாகத் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஜேம்ஸ் கண்டோல்ஃபினி. நியூ ஜெர்சிக்காரர். நியூயார்க்கில் மதுக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் சினிமாவில் அடியாள் வேடங்கள். 1993இல் 'ட்ரூ ரொமான்ஸ்' படத்தில் ஒரு கூலிக் கொலையாளியாக வந்து கதாநாயகியை அடி அடியென்று அடிப்பார், பார்க்கவே முடியாது. பெருத்த உடம்பு, வழுக்கை விழுந்த தலை. கதாநாயகன் ஆகும் முகம் இல்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லாத முகம். 1999இல் 'தி சோப்ரானோஸ்' தொடர் வந்தது. டோனி சோப்ரானோ என்ற மாஃபியா தலைவன். வெளியில் கொலைகாரன், வீட்டில் அம்மாவிடம் சிக்கித் தவிக்கும் பிள்ளை. 2007 வரை ஓடியது, மூன்று எம்மி விருது வாங்கிக் கொடுத்தது. சினிமா ஓரத்தில் நிற்கவைத்த ஆளை டிவி நடுவில் உட்காரவைத்தது. 2013 ஜூனில் ரோம் நகரத்துக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தபோது வயது 51.

ஒப்பிட்டால் ஒரே ஒரு கணக்குதான் உதைக்கும். சோப்ரானோஸ் மொத்தம் 86 எபிசோடு, எட்டு வருடத்தில். வாரம் ஆறு என்ற கணக்கில் எதிர்நீச்சல் 86 எபிசோடைத் தாண்ட மூன்றரை மாதம் போதும். அந்த வேகத்தில் நடிப்பது, டப்பிங் பேசுவது, நடுவில் கிடைக்கிற சினிமா வேடங்களுக்கும் ஓடுவது எப்படிப்பட்ட உழைப்பு என்பதை இந்தக் கணக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவர் வயது ஐம்பதுகளின் நடுவில்.

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி.

டவுன்ஷிப்பில் ஒரு வீடு. கணவர் சுரங்கத்தில் ஆபரேட்டர், ஷிப்ட் வேலை. மனைவி இல்லத்தரசி, கணிதத்தில் பட்டம் வாங்கியவர். பட்டம் பீரோவில் இருக்கிறது. எதிர்நீச்சல் தொடங்கிய சில மாதங்களில் கணவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் "ஏய் இந்தாம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார், குணசேகரன் குரலில். பிள்ளைகள் சிரித்தார்கள், மனைவியும் சிரித்தார். செல்போனில் அந்த வசனத்தை வைத்து வந்த மீம்கள் ஒன்றிரண்டல்ல. கல்லூரிப் பையன்கள் கூடப்படிக்கும் பெண்களைப் பார்த்து அதையே சொன்னார்கள். பெண்களும் திருப்பிச் சொன்னார்கள். எல்லாம் தமாஷ்தான்.

ஒருநாள் அந்த மனைவி சாதாரணமாக ஒன்று சொன்னார். "முன்னாடியும் இவரு இப்படித்தான் கூப்பிடுவாரு. அப்ப யாரும் சிரிச்சதில்ல."

இதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கொடுமையை மாரிமுத்து சிரிக்கத்தக்கதாக ஆக்கிவிட்டார், அதனால் அது லேசாகிப் போய்விட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. தொடரில் எதிர்த்து நிற்கும் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி நாலு பேரையும் விட அடக்கிவைப்பவர் பெயர்தான் அதிகம் பரவியது. அவருக்குத்தான் ரசிகர் கூட்டம். குணசேகரனைப் பார்த்து "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று உண்மையாகவே நம்பியவர்களும் இருந்தார்கள், அதை மறைத்துப் பயனில்லை. டோனி சோப்ரானோவுக்கும் இதே கதிதான். எச்சரிக்கையாக எழுதியதை ரசிகர்கள் போஸ்டராக ஒட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு விதம், அந்த மனைவி சொன்னது. அதுவரை அந்த வீட்டில் அந்தக் கூப்பாடு காற்று மாதிரி இருந்தது, யார் காதிலும் விழவில்லை. மாரிமுத்து அதைச் சொன்ன பிறகு விழுந்தது. ஒரே அறையில் ஒரே நேரத்தில் கணவர் தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டார், மனைவி அவரைப் பார்த்துக் கணக்கு எடுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள், காரணம் வேறு. இந்த இரண்டு சிரிப்புக்கும் இடம் கொடுக்கிற மாதிரி நடிப்பது லேசு இல்லை. கொஞ்சம் மிகையாகப் போயிருந்தால் கார்ட்டூன் ஆகியிருக்கும், ஆண்கள் "இது நான் இல்லை" என்று தப்பித்திருப்பார்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் பெண்கள் ஒன்பதரைக்கு சேனலை மாற்றியிருப்பார்கள்.

சொத்து விவகாரத்திலும் அப்படித்தான். அப்பத்தாவின் பெயரில் இருக்கும் 40 சதவீதப் பங்குக்காக குணசேகரன் ஆடும் ஆட்டம்தான் தொடரின் முதுகெலும்பு. நெய்வேலியைச் சுற்றி நிலம் என்பது கதைப்பொருள் இல்லை. நிலம் கொடுத்தவர்கள், நிலம் கொடுத்து வேலை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்றுதான் ஆட்களையே அடையாளம் சொல்வார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, பச்சை நெற்பயிர் மேலேயே இயந்திரங்களை இறக்கினார்கள். பகலில் செய்தி சேனலில் அது, இரவில் சன் டிவியில் குணசேகரனின் கைரேகைப் பஞ்சாயத்து. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இருந்திருக்க வேண்டும் என்ற பேச்சு எந்த டிவியில் தொடங்கி எந்தத் திண்ணையில் முடிந்தது என்று சொல்ல முடியாது.

நிஜ மாரிமுத்து எப்படி? பேட்டிகள் யூடியூபில் கிடக்கின்றன, பாருங்கள். நிறையப் படித்த, நிதானமாகப் பேசுகிற, மனதில் பட்டதைச் சொல்கிற மனிதர். 2023இல் ஜீ தமிழின் 'தமிழா தமிழா' விவாத நிகழ்ச்சியில் சோதிடர்களோடு நேருக்கு நேர் மோதினார். அந்தத் துண்டு வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. குணசேகரன் ஜாதகம் பார்க்காமல் வெளியே கிளம்புகிற ஆளா? வேடத்துக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் அங்கே பளிச்சென்று தெரிந்தது. இத்தனைக்கும் அந்தத் தன்னம்பிக்கையான குரல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

2023 ஆகஸ்ட் 10 அன்று ரஜினியின் 'ஜெயிலர்' வெளியானது. அதில் வில்லன் விநாயகனின் கூட்டத்தில் ஓர் ஆள் மாரிமுத்து. சின்ன வேடம்தான். ஐந்து வருடம் முன்னால் இதே வேடத்தில் வந்திருந்தால் "எங்கேயோ பார்த்த முகம்". இப்போது எல்லோருக்கும் பெயர் தெரியும். வீட்டை விட்டு வந்து 33 வருடம் கழித்து, டைரக்டராக அல்ல, நடிகராக, அதுவும் சீரியல் நடிகராக.

அந்தப் பெயரை அவர் அனுபவித்தது நாலே வாரம் என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை. செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் எதிர்நீச்சல் டப்பிங். தம்பி ஞானமாக நடிக்கும் கமலேஷும் உடன் இருந்தார். பேசிக்கொண்டிருந்தவருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்ததால் வெளியே வந்தார். தானே காரை ஓட்டிக்கொண்டு வடபழனியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரடைப்பு. பிழைக்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுபோய் பசுமலைத்தேனியிலேயே இறுதிச்சடங்கு செய்தார்கள். 1990இல் எந்த ஊரை விட்டுக் கிளம்பினாரோ அதே ஊர்.

சோதிடர்களைத் திட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று சிலர் எழுதினார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டவுன்ஷிப் வீட்டில் அன்றைக்கு கணவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் மனைவி எழுப்பினார். "குணசேகரன் செத்துட்டாராம்." எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, "சீரியல்லயா?" அப்புறம்தான் டிவியைப் போட்டார்கள். பல வீடுகளில் இதே கேள்விதான் கேட்கப்பட்டிருக்கும். தினமும் பார்க்கிற ஆள் நிஜமாகச் செத்துப்போவார் என்பது உறைக்க நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த வசனத்தை யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு.

தொடர் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. குணசேகரனை எங்கோ காணாமல் போனவராக வைத்துக் கதையை ஓட்டினார்கள். அக்டோபரில் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். 'குற்றப்பரம்பரை' எழுதியவர், 'மதயானைக் கூட்டம்', 'கிடாரி' படங்களில் மிரட்டியவர். 2024 ஜூன் வரை தொடர் ஓடி முடிந்தது, அதே வருடம் டிசம்பரில் இரண்டாம் பாகமும் தொடங்கியது. நடுவில் 2024 ஜூலை 12 அன்று 'இந்தியன் 2' வந்தது. விவேக், நெடுமுடி வேணு, மாரிமுத்து, மூன்று பேரும் அதில் உண்டு. மூன்று பேரும் அப்போது உயிரோடு இல்லை.

வேல ராமமூர்த்தி வந்த முதல் வாரம் அந்த வீட்டில் விவாதம் நடந்தது. கணவருக்குப் புது ஆளைப் பிடித்திருந்தது. மீசை, கம்பீரம், எல்லாம் இருக்கிறது என்றார். மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இவரும் நல்லாத்தான் பண்றாரு. ஆனா இவரைப் பாத்தா பயமா இருக்கு. அவரைப் பாத்தா கோவம்தான் வரும், எந்திரிச்சு நாலு கேள்வி கேக்கலாம்போல இருக்கும்."

கணவர் ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரம் முடிந்திருந்தது.